நனையாத நாடா

அத்தியாயம் 7

நகராட்சி அலுவலகத்தில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, உள்ளே தெரிந்த ஆள் இருக்கவேண்டும். இன்னொன்று, அண்ணியைப் போலக் கேட்கத் தெரிந்திருக்கவேண்டும். வாயாடிக்கு இரண்டும் கைவராது. அவளுக்குத் தெரிந்தது மூன்றாவது வழி, சண்டை.

“மார்க்கெட் கட்டடத்துக் கோப்பா? அது நனைஞ்சு போச்சும்மா. படிக்க முடியாது. போயிட்டு வாங்க,” என்றார் விசாரணை ஜன்னலில் இருந்த எழுத்தர், தலையைத் தூக்காமலே.

“கோப்புதானே சார் நனைஞ்சது, உங்க கண்ணு காஞ்சுதானே இருக்கு? நிமிர்ந்து பாத்துச் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க,” என்றாள் வாயாடி.

அண்ணி அவள் முழங்கையைக் கிள்ளினாள். அது ‘வாயை மூடு’ என்பதற்கான அடையாளம். தினமும் வாங்கி வாங்கி அந்த இடத்தில் வாயாடிக்குக் கிள்ளினாலும் வலிப்பதில்லை.

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்வதையே ஊர் ஆச்சரியமாகப் பார்க்கும். இவர்களோ ஜெராக்ஸ் கடை மாடியில் சேர்ந்து துப்பறியும் நிலையமே நடத்துகிறார்கள். மூளை அண்ணியுடையது, வாய் நாத்தனாருடையது. ‘வாயாடி’ என்ற பட்டப்பெயரை வைத்தவன் அவள் அண்ணன், அதாவது அண்ணியின் கணவன். இப்போது இருவரும் அலைவது அவனுக்காகத்தான்.

அண்ணன் நகராட்சியில் ஓவர்சியர். போன மாதம் மார்க்கெட் கட்டடத்தின் மாடித் தாழ்வாரம் இடிந்து விழுந்து, அதன் கீழே கடை போட்டிருந்த கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் செத்துப்போனார். கட்டடம் பலமாக இருக்கிறதென்று சான்று எழுதியவன் ஓவர்சியர்தான் என்றார் இன்ஜினியர். பலவீனமாக இருக்கிறதென்றுதான் எழுதிக் கொடுத்தேன், இன்ஜினியர் அதை மறைத்துவிட்டார் என்றான் அண்ணன். இரண்டில் எது உண்மை என்று சொல்லவேண்டிய கோப்பு, கூரை ஒழுகி நனைந்து, மை கரைந்து, வாயில்லாப் பூச்சியாகிவிட்டது. அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்று மத்தியானம் கமிஷனர் அறையில் விசாரணை. அதில் யார் மேல் பழி விழுகிறதோ அவன் நேராகப் போலீஸ் வண்டியில் ஏறவேண்டியதுதான்.

வாயாடிக்கு இது வழக்கு மட்டுமல்ல, வஞ்சம். இன்ஜினியர் போன வாரம் அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி அவளைப் பார்த்து, “உங்க அண்ணன் அந்த மாடிப்படியில காலே வைக்கல. உக்காந்த இடத்துல கையெழுத்துப் போட்ட சோம்பேறி,” என்று சொல்லியிருந்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் காதிலேயே குடியிருந்தது. இந்த ஆளைத் தெருவுக்குக் கொண்டுவரும்வரை கூந்தலை முடிவதில்லை என்று சபதம் போட ஆசைதான். காது வரை கிராப்பு வெட்டியவள் எதை முடிவது, எதை விரிப்பது? ஆகவே சபதத்தை வாயோடு நிறுத்திக்கொண்டாள். அதையும் செத்தவரின் மனைவியான தையற்காரியின் கையைப் பிடித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். “செஞ்சவன் யாரா இருந்தாலும் உங்க முன்னாடி நிறுத்தறேன் அக்கா. அப்புறம் நீங்க பாத்துக்கங்க.”

ஜன்னலில் அண்ணி குரலை இறக்கிப் பேசினாள். “சரி சார், மார்க்கெட் கோப்பு வேண்டாம். வீணாப்போன கோப்பையெல்லாம் எரிக்கறதுக்கு முன்னாடி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும்னு அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்கீங்களே. அதைப் பாக்கணும்.”

எழுத்தர் இப்போதுதான் நிமிர்ந்தார். “அதை யாரும்மா பாப்பாங்க? குப்பை.”

“குப்பைன்னாலும் பொதுமக்கள் குப்பை,” என்றாள் அண்ணி.

“இந்த ஆபீஸ்ல கேட்டவுடனே கிடைக்கற ஒரே பொருள் அதுதானே சார், அதுக்கும் கருமித்தனம் பண்ணாதீங்க,” என்று வாயாடி முடித்து வைத்தாள்.

எழுத்தருக்கு விதியையும் மறுக்க முடியவில்லை, இந்த வாயையும் தாங்க முடியவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பதிவறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. நெடுக இரும்பு அலமாரிகள். தூசும் பழைய பசையும் கலந்த வாசனை. அண்ணன் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது இந்த அறையில்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அவனுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்து இதே கதவருகில் நின்றது வாயாடிக்கு ஞாபகம் வந்தது. அந்த அண்ணனை இன்று ஊர் கொலைகாரன் என்கிறது. அவளுக்குப் பல்லைக் கடிக்கவேண்டும் போலிருந்தது, கடித்தாள்.

பதிவறைக் காப்பாளரை அலுவலகத்தில் ‘பூட்டு’ என்பார்கள். சாவி போட்டுத் திருகினாலொழிய வாய் திறக்காது. அண்ணியைக் கண்டதும் மட்டும், “உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்கார்? சாப்பிடறாரா?” என்று கேட்டார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. புரை நீக்கியிருந்தார்கள்.

“இருக்கார். கூரை ஒழுகின அன்னைக்கு நீங்க இங்க இல்லையா?”

“ஆஸ்பத்திரியில கிடந்தேன். நான் இருந்திருந்தா ஒரு தாள் வீணாகியிருக்காது. சாவி முன்னாடி ஹால்லதான் மாட்டியிருந்துச்சு. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நான் வந்தப்போ எல்லாம் ஊறி, காஞ்சு, அப்பளமா நிக்குது.”

மூலை மேசையில் கோப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் சிவப்பு நாடாக் கட்டோடு உப்பி, முறுக்கிக்கொண்டு நின்றன. அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, நாய் பிடிக்கும் ஒப்பந்தம். மார்க்கெட் கோப்பு நடுவில் இருந்தது. பிரித்தாள். உள்ளே நீலம் நீலமாகக் கறைதான் இருந்தது. ஒரு எழுத்துகூடத் தேறவில்லை.

வாயாடிக்குக் கண் கலங்கியது. “போச்சு. இதுல அண்ணன் என்ன எழுதினான்னு ஆண்டவனே வந்தாலும் படிக்க முடியாது.”

“எழுத்தைப் படிக்காதே. மத்ததைப் படி,” என்றாள் அண்ணி.

மற்றதைப் படிப்பதென்றால் என்னவென்று புரியாமல் வாயாடி குவியலையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று அவள் வீட்டுச் சலவை வாளி ஞாபகம் வந்தது. புது சிவப்புத் தாவணியை வெள்ளைச் சட்டைகளோடு ஊறப்போட்டு, அண்ணனை ஒரு வருஷம் ரோஸ் சட்டையில் அலுவலகம் அனுப்பியவள் அவள்.

“அண்ணி, இங்க பாருங்க. நாய் கோப்பு ரோஸ். தெருவிளக்கு ரோஸ். நாடா சாயம் விட்டு எல்லாக் கோப்போட ஓரமும் ரோஸாகி நிக்குது. இது மட்டும்தான் நீலம். ஓரத்துல ஒரு சொட்டு ரோஸ் இல்ல. நாடாவப் பாருங்க, கடையில வாங்கின மாதிரி பளிச்சுன்னு இருக்கு. இது தண்ணியையே பாக்காத நாடா.”

அண்ணி சிரித்தாள். “அப்போ?”

“அப்போ மழையில நனையல. எவனோ நாடாவை அவுத்துத் தனியா வெச்சிட்டு, தாளை மட்டும் வாளியில முக்கி, காயவெச்சுத் திரும்பக் கட்டியிருக்கான். மத்ததெல்லாம் நனைஞ்சிருக்கறதால இதையும் மழைக் கணக்குல சேத்துட்டாங்க.”

“கோப்பைத் திருடியிருக்கலாமே?”

“காணாமப் போனா தேடுவாங்க. நனைஞ்சுபோனா யாரைத் தேடறது, மேகத்தையா? அண்ணி, மாட்டினான். அந்த இன்ஜினியர் மாட்டினான்.”

அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றிருந்தது. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த ஆத்திரத்துக்கு இப்போது போக ஒரு திசை கிடைத்துவிட்டது. கையில் விளக்குமாறு இல்லையே என்ற குறை ஒன்றுதான்.

“மாட்டினானா இல்லையான்னு அவர் கையைக் கேட்டுப் பாக்கலாம், வா,” என்று அண்ணி எழுந்தாள்.

இன்ஜினியர் அறையில் மின்விசிறி முழுவேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் வரைபடங்கள், ஒரு தண்ணீர் டம்ளர், சிவப்பு நாடா கட்டிய சாக்கடைக் கோப்பு ஒன்று. அவர் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். விசாரணைக்காகப் புதிதாகத் தைத்ததாக இருக்கவேண்டும்.

“ரெண்டு பேரும் கெஞ்ச வந்திருக்கீங்களா?” என்றார்.

“கெஞ்சறது எங்க பரம்பரையிலயே இல்ல சார். மிஞ்சறதுதான் பழக்கம்,” என்றாள் வாயாடி.

அண்ணி உட்கார்ந்து, மிகப் பணிவாக, “ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கட்டுமா சார்?” என்று டம்ளரை எடுத்தாள். எடுத்த கை தவறியதுபோல் இருந்தது. டம்ளர் சாய்ந்தது. தண்ணீர் முழுவதும் சாக்கடைக் கோப்பின் மேல் கொட்டியது.

இன்ஜினியர் துள்ளி எழுந்தார். கோப்பைக் கட்டோடு பிடுங்கி உதறினார். உதறியும் தண்ணீர் போகாததால் சட்டைக் கையாலேயே அழுத்தித் துடைத்தார். ஈர நாடா அவர் கையில் இழுபட்டு, வெள்ளைக் கைப்பட்டை நெடுகச் சிவப்பாகத் தீற்றிவிட்டது. கோப்பின் ஓரம் ரோஸாகத் தொடங்கியது.

“உனக்கு அறிவு இருக்கா?” என்று கத்தினார்.

“இருக்கு சார், நனையல,” என்றாள் வாயாடி.

“வெளியே போங்க. இன்னிக்குச் சாயங்காலம் உங்க வீட்டு ஆள் உள்ளே போவான். அப்போ சிரிங்க ரெண்டு பேரும்.”

வராந்தாவுக்கு வந்ததும் வாயாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அந்தச் சட்டையோடதான் விசாரணைக்கு வரணும். கையில ரத்தக்கறை மாதிரியே இருக்கு. கமிஷனர் பாத்தவுடனே தீர்ப்பு எழுதிடுவாரு.”

அண்ணி சிரிக்கவில்லை. அவள் முகம் ஒரு மாதிரி வெளுத்திருந்தது. வந்த வழியே பதிவறைக்குத் திரும்பி நடந்தாள். வாயாடி பின்னாலேயே ஓடினாள்.

“ஐயா, ஒண்ணே ஒண்ணு. ஒரு கோப்புல தண்ணி பட்டா முதல்ல என்ன செய்வீங்க?” என்று அண்ணி பூட்டைக் கேட்டாள்.

பூட்டு யோசிக்கவே இல்லை. “நாடாவை அவுப்பேன். அப்புறம்தான் மத்தது. அவுக்காம உதறினா சாயம் இழுத்துட்டுத் தாளெல்லாம் பாழ். வெளி ஆளுங்களுக்கு அது தெரியாது, கட்டோட பிடிச்சு உதறுவாங்க.”

“யார் யாருக்கு இதைச் சொல்லிக் குடுத்தீங்க?”

“சொல்ல நான் தயார், கேக்கத்தான் ஆள் இல்ல. வர்ற பசங்க எல்லாம் ரெண்டு மாசத்துல வேற இடத்துக்கு ஓடிடுவாங்க. உருப்படியாக் கத்துக்கிட்டவன் ஒருத்தன்தான். தூக்கத்துல எழுப்பித் தண்ணி ஊத்தினாலும் அவன் கை முதல்ல முடிச்சைத்தான் தேடும்.” கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பெருமை தெரிந்தது. “எல்லாம் உங்க வீட்டுக்காரர்தாம்மா.”

வாயாடி, “எங்க அண்ணன்னா சும்மாவா,” என்று பாதி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

வெளியே வந்து மாடிப்படிக்கு அடியில் நின்றார்கள். மனுவோடு ஜனங்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

“அண்ணி, நீங்க நினைக்கறது தப்பு. இன்ஜினியர் வேற ஆளை வெச்சுச் செஞ்சிருப்பான்.”

“அவர் ஆளா இருந்தா கட்டோட முக்கியிருப்பான். அழிக்க வந்தவனுக்குச் சாயம் பட்டா என்ன, படாட்டி என்ன? தாள் பாழாகணும்னுதானே வந்தான்? மூளை அழிக்கச் சொல்லியிருக்கு. கை பழக்கத்துல நாடாவைக் காப்பாத்தியிருக்கு.”

“அப்போ பூட்டு செஞ்சிருப்பாரு.”

“அவர் ஆஸ்பத்திரியில கிடந்தாரே.”

“எங்க அண்ணன் எதுக்குத் தான் எழுதின எச்சரிக்கையைத் தானே அழிக்கணும்?”

“எச்சரிக்கைன்னு எழுதியிருந்தா அழிச்சிருக்க மாட்டாரு,” என்றாள் அண்ணி.

வாயாடி நம்பவில்லை. நம்ப மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். நேரில் கேட்பேன், என்ன நாடா என்று அவன் முழிப்பான், அண்ணி மூஞ்சியில் கரி பூசுவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

கமிஷனர் அறை வாசலில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் தையற்காரி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். இனி அடிக்கத்தான் பாக்கி என்கிற மாதிரி கையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். அவள் பார்வை இன்ஜினியர் வரும் வழியிலேயே இருந்தது. எதிர் பெஞ்சில் அண்ணன். பெட்டி போட்ட சட்டை, படிய வாரிய தலை. தங்கையைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தான்.

வாயாடி உட்காராமல் நின்றபடி, ரொம்ப சாதாரணமாக, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

“அண்ணே, அந்த நாடாவை எதுக்கு அவுத்தே?”

“அவுக்காம நனைச்சா சாயம் இறங்கித் தாளெல்லாம்...” என்றான் அண்ணன்.

சொன்னவன் வாய் அப்படியே நின்றது. வார்த்தையைத் திரும்ப உள்ளே இழுத்துவிடலாம் என்பதுபோல் உதடுகளை மூடினான். வாயாடி அவன் முகத்தையே பார்த்தாள். என்ன நாடா என்று அவன் கேட்கவே இல்லை.

“மாடிக்கு ஏறினியா நீ?” என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான். “அன்னைக்கு முட்டி வலி. போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சுன்னு எழுதிட்டேன். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

உக்காந்த இடத்துல கையெழுத்துப் போட்ட சோம்பேறி. இன்ஜினியர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அந்த உண்மைக்காகத்தான் அவள் அந்த ஆளை ஊரெல்லாம் கரித்துக்கொட்டினாள். ஒரு பொய்யனுக்காகத் தையற்காரியின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். வாயாடிக்குத் துக்கம் வரவில்லை. வந்தது கோபம்தான். இன்ஜினியர் மேல் இருந்த அத்தனையும், ஒரு துளி சிந்தாமல், அப்படியே இடம் மாறி அண்ணன் மேல் வந்து உட்கார்ந்தது.

“ஒருத்தர் செத்திருக்காரு. தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லியிருந்தா உனக்காக நான் ஊர் காலையெல்லாம் பிடிச்சிருப்பேன். நீ இன்னொருத்தனை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தே. அதுக்கு என் வாயைக் கடன் வாங்கினே.”

“மெதுவாப் பேசு. அந்த இன்ஜினியர் மட்டும் ரொம்ப நல்லவனா? உன்னை எத்தனை பேர் முன்னாடி கேவலப்படுத்தினான். போகட்டும் விடு. இன்னிக்கு ஒரு நாள். நம்ம குடும்பத்தை நினைச்சுப் பாரு.”

அண்ணி அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். கணவனைப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் தூங்காமல் இவன் தலைமாட்டில் உட்கார்ந்து, நான் கண்டுபிடிக்கிறேன், பயப்படாதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் அவள். அப்போதெல்லாம் அவன் எதற்குப் பயந்தான் என்று இப்போதுதான் தெரிந்தது.

எதிர் பெஞ்சிலிருந்து தையற்காரி எழுந்து வந்தாள். “கண்டுபிடிச்சிட்டீங்களாம்மா? முகத்தைப் பாத்தாலே தெரியுது. அந்தப் படுபாவி எங்கே? இன்னும் வரலையா?”

அண்ணன் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தான். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடித்த அதே பிடி. அவள் விரல் விரலாக அதைக் கழற்றினாள்.

“வந்து ரொம்ப நேரமாச்சு அக்கா. உங்களுக்கு எதிர்லதான் உக்காந்திருக்கான்,” என்றாள்.

தையற்காரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையை ஓங்கினாள். அண்ணி நடுவில் வந்து, “இங்க வேண்டாங்க. இங்க அடிச்சா ஒரு நாள் வலிக்கும். உள்ள வாங்க,” என்றாள்.

கதவு திறந்தது. கமிஷனரின் உதவியாளர் கையில் தாளோடு வந்தார். “ஓவர்சியர் விசாரணை. சாட்சி சொல்றவங்க யாராவது உண்டா?”

“நான் சொல்றேன்,” என்றாள் அண்ணி.

“என்ன உறவு?”

“பொண்டாட்டி.”

“சரி, ஓவர்சியர் தரப்பு,” என்று எழுதப்போனார்.

“எதிர்த் தரப்பு,” என்றாள் அண்ணி.

உதவியாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அண்ணன் எழுந்தே விட்டான். குரல் உடைந்தது. “சொந்த வீட்டுப் பொம்பளைங்களை எனக்கு எதிராச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது சார்.”

“யாரும் கட்டாயப்படுத்தலை அண்ணே. நாங்க ஆசைப்பட்டு வந்திருக்கோம்,” என்றாள் வாயாடி. பிறகு உதவியாளரிடம் திரும்பி, “அடுத்த வரியில என்னையும் எழுதிக்கங்க. கூடப் பொறந்த தங்கச்சி,” என்று சொல்லிவிட்டு, தையற்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.